பால் ஏன் நிற்கிறது

போன வாரம் மண்டோர் மாமா வந்திருந்தார். எங்கள் ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக இருந்தவர். 84 வயதாகிறது. மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டான். மாமா கையில் அரசாங்கக் கிளினிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள், கூடவே ஒரு மாத்திரைப் பட்டை.

"பாப்பா, இந்தக் கொழுப்பு மாத்திரைய நிறுத்திடலாமா? நீதான் டாக்டருக்குப் படிச்சவளாச்சே, பாத்துச் சொல்லு."

2024-ல் 60 வயதில் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்று, மலேசியாவில் என் ஊரான சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பியதிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி என் வாசலுக்கு வருகிறது. முனைவர் பட்டம் வாங்கிய டாக்டர் வேறு, ஊசி போடுகிற டாக்டர் வேறு என்று ஆரம்பத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் உட்காரவைத்து, வரக்கோப்பி கொடுத்து, தாளை வாங்கிப் பார்க்கிறேன். கிளினிக் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வேன். அது மறிக்கிற பாதைக்குப் பக்கத்தில்தான் என் வாழ்நாள் முழுவதும் போயிருக்கிறது.

மாமாவிடமும் சொன்னேன். "மாமா, உங்க ஒடம்பு கொழுப்பு செய்யுற வழியும் ரப்பர் மரம் பால் செய்யுற வழியும் பாதி தூரம் ஒண்ணுதான்."

அவர் நம்பவில்லை. நானும் முதலில் படித்தபோது நம்பவில்லை.

நம் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செய்யத் தொடங்குவது அசிட்டேட் என்கிற சின்னஞ்சிறு துண்டிலிருந்து. அதிலிருந்து படிப்படியாக 5 கார்பன் கொண்ட ஒரு கண்ணி உருவாகிறது. ஆறு கண்ணிகளைக் கோத்தால் 30 கார்பன். அதை மடித்து வளையமாக்கி, மூன்று கார்பனைக் கழித்துவிட்டால் 27 கார்பன் கொண்ட கொலஸ்ட்ரால். ரப்பர் மரமும் பாலுக்குள் அதே 5 கார்பன் கண்ணியைத்தான் செய்கிறது. ஆனால் அது ஆறோடு நிறுத்துவதில்லை. ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டே போகிறது. அந்த நீண்ட சங்கிலிதான் ரப்பர். கொலஸ்ட்ரால் எப்படி உருவாகிறது என்று கண்டறிந்ததற்காக கொன்ராட் பிளாக், ஃபியோடர் லைனன் இருவருக்கும் 1964-ல் நோபல் பரிசு கிடைத்தது. நான் பிறந்த வருடம் அது. அதே பாதையின் தொடக்கத்தில் நிற்கும் ஓர் என்சைமை மறிக்கும் பொருளை 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானின் அகிரா எண்டோ சுமார் 6,000 பூஞ்சைகளைச் சோதித்துப் பார்த்து ஒரு பெனிசிலியத்திலிருந்து எடுத்தார். மாமா கையில் இருந்த சிம்வாஸ்டாட்டின் அந்தக் குடும்பத்து மாத்திரை. எண்டோ 90 வயதில் காலமானது 2024 ஜூனில். நான் மேசையைக் காலிசெய்த வருடம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் மாமா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "உங்கப்பாவும் இதையே ஒருதரம் எங்கிட்ட சொன்னாரு. எம்மக பால் ஏன் நிக்குதுன்னு படிக்கிறான்னாரு" என்றார்.

அவர் அப்பா பேச்சை எடுத்ததால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

அப்பா 42 வருடம் பால்வெட்டியவர். பெரட்டு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்பு, முடிந்து ரப்பர் காட்டுக்குள் போகும்போது விடிந்திருக்காது. நெற்றியில் விளக்கு, இடுப்பில் உளி, கொசுவத்திப் புகை. ஒரு வெட்டில் 500 மரத்துக்குமேல். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் அம்மாவும் கூடப் போவோம். பால் பிடிக்கிற கிண்ணமான மங்கைத் துடைத்துக் கவிழ்ப்பதும், முந்தின நாள் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போடுவதும் என் வேலை. அப்பா உளியை வைத்து இழுத்தால் பட்டை ஒரே சீராகச் சுருண்டு விழும். ஒரு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும், அவ்வளவுதான். உளி போன இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் துளிர்க்கும், ஒன்றோடொன்று சேரும், கோட்டில் வழிந்து தகரத்தில் இறங்கி மங்கில் சொட்டும்.

ஏன் இருட்டில் வெட்டவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். "வெயில் ஏறுனா பால் எறங்காது" என்பார். அது சரியான பதில். விடியலுக்கு முன் மரத்தின் பால்குழாய்களுக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் சுமார் 10 மடங்கு வரை இருக்கும், கார் டயரில் இருப்பதைவிடப் பலமடங்கு. வெயில் ஏறி இலைகள் நீரை இழுக்க ஆரம்பித்ததும் அழுத்தம் இறங்கிவிடும். இதை நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அப்பா உளி பிடித்துத் தெரிந்துகொண்டார்.

ஆனால் இன்னொரு கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. இரண்டு மூன்று மணி நேரம் சொட்டிய பால் ஏன் தானாக நிற்கிறது? மரத்தில் பால் தீர்ந்துவிடவில்லையே. மறுநாள் அதே கோட்டில் மெல்லியதாக ஒரு சீவல் சீவினால் திரும்பவும் ஓடுகிறதே. "அது மரத்தோட புத்திம்மா. இருக்கறத எல்லாம் குடுத்துட்டா அது எப்படிப் பொழைக்கும்?" என்பார்.

1976. நான் ஆறாம் வகுப்பு. ஏழாம் நம்பர் காட்டில் அப்பாவுடைய நிரையில், அதாவது அவர் வெட்டுகிற மர வரிசையில், மரங்கள் வறள ஆரம்பித்தன. வெட்டினால் கோட்டில் அங்கங்கே ஈரம் மட்டும் தெரியும், பால் இராது. பட்டை உள்ளே பழுப்பேறியிருக்கும். அந்த இரண்டு வருடமாக ஒரு மருந்தைப் பட்டையில் தூரிகையால் பூசச் சொல்லியிருந்தார்கள். பூசினால் பால் கூடுதலாக ஓடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டவேண்டிய காட்டைத் தினமும் வெட்டவும் வைத்தார்கள். முதலில் வாளி நிறைந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். பிறகு மரம் மரமாக வறண்டது. ஸ்டோரில் நிறுத்துப் பார்க்கும்போது அப்பாவின் பால் குறைந்துகொண்டே போனது.

ஒருநாள் மண்டோர் வந்து வெட்டுக்கோட்டைச் சோதித்துவிட்டு, ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்திவிட்டதாக நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அந்த மாதம் சம்பளத்தில் பிடித்தம். பிறகு அப்பாவை அந்தக் காட்டைவிட்டே மாற்றிப் புல் வெட்டப் போட்டார்கள். பணத்தைவிட அந்தச் சொல்தான் அவரை அடித்தது. உளியைத் தினமும் சாயங்காலம் தண்ணீர்விட்டுக் கல்லில் தீட்டுகிறவர். தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் புதிதாக வெட்டுக்கு வருகிறவர்களுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தவர். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து உளியின் முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அந்த விரலசைவு எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

படிப்புக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளி, பிறகு பட்டணத்தில் ஒரு வருடப் புகுமுக வகுப்பு, பிறகு மலாய் மொழியில் இடைநிலைப்பள்ளி. 1982-ல் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம், 1984-ல் ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம். மறுவருடம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அம்மா சங்கிலியை அடகுவைத்தார். விரிவுரை மலாயில், பாடநூல் ஆங்கிலத்தில், நான் யோசித்தது தமிழில். முதல் வருடம் இந்த மூன்றுக்கும் நடுவே மூச்சுத் திணறியது. ஆனால் உயிர்வேதியியல் வகுப்பில் ஒருநாள் விரிவுரையாளர் கரும்பலகையில் அந்த 5 கார்பன் கண்ணியை வரைந்து, ரப்பர் இதிலிருந்துதான் வருகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். எனக்கு அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் படத்தை நோட்டில் மூன்று தடவை வரைந்தேன்.

முதுகலை ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டபோது, பால் ஏன் நிற்கிறது என்று பார்க்கவேண்டும் என்றேன்.

ஆய்வுக்கான பால் சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டத்திலிருந்து கிடைத்தது. அந்தக் கழகம் 1925-ல் தொடங்கியது. ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகம் அவர்கள் உருவாக்கியது. விடிகாலை நாலரைக்குக் கோலாலம்பூரிலிருந்து கிளம்பி, பனிக்கட்டி நிரப்பிய பெட்டியோடு மரத்தடியில் நிற்பேன். முதலில் வரும் பாலை விட்டுவிட்டு அடுத்து வருவதைக் குளிர்ந்த குடுவையில் பிடிக்கவேண்டும். அங்கே வெட்டுகிற அண்ணன்மார், படித்த பெண் எதற்கு மங்கோடு நிற்கிறாள் என்று முதல் நாள் பார்த்தார்கள். என் கை மங்கைக் கவிழ்த்த விதத்தைப் பார்த்துவிட்டு ஒருவர், "எந்தத் தோட்டம்மா?" என்று கேட்டார்.

குடுவையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, குளிர் அறையில் குழாய்களில் ஊற்றி, சென்ட்ரிபியூஜில் வைத்து ஒரு மணி நேரம் அதிவேகமாகச் சுழற்றவேண்டும். நின்றதும் மூடியைத் திறந்து குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். மேலே கெட்டித் தயிர்போல் வெள்ளையாக ரப்பர். அதன்கீழ் ஆரஞ்சு நிறத்தில் நகப்பூச்சு அளவுக்கு ஒரு கோடு. நடுவில் தண்ணீர்போல் தெளிந்த திரவம். அடியில் சாம்பல் கலந்த மஞ்சளில் ஒரு மண்டி. சிறுவயதில் வாளி வாளியாகப் பார்த்த பால் இது. அதற்குள் இத்தனை அடுக்கு இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று முதல்தடவை பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

அந்த அடிமண்டிதான் விஷயம். அதில் இருப்பவை லூட்டாய்டு என்னும் நுண்பைகள். சவ்வால் ஆன பை, உள்ளே புளித்த சாறு. அந்தச் சாற்றில் ஹெவின் என்றொரு புரதம். வெறும் 43 அமினோ அமிலம்தான், மிகச் சிறியது. 1960-லேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள், ஆனால் அது எதற்காக இருக்கிறது என்பதுதான் கேள்வி. மரத்தை வெட்டியதும் பால்குழாயில் அழுத்தம் சட்டென்று விழுகிறது. அந்த அதிர்ச்சியில் வெட்டுவாய்க்கு அருகே இந்தப் பைகள் வெடிக்கின்றன. உள்ளே இருந்தது வெளியே வந்ததும் ரப்பர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குழாயின் வாய் அடைபடுகிறது. பால் நிற்கிறது. நம் ரத்தம் உறைந்து காயத்தை மூடுவதுபோல மரம் தன் காயத்தை மூடிக்கொள்கிறது. மறுநாள் உளி அந்த அடைப்பைத்தான் சீவி எடுக்கிறது.

ஹெவினுக்கும் இந்த அடைப்புக்கும் உள்ள தொடர்பைப் பிடிக்க நான் பல வருடம் உழைத்தேன். என் கட்டுரைக்கான முடிவுகள் பாதி கையில் இருந்தபோது, 1994-ல் வேறொரு குழுவின் கட்டுரை அதையே நிறுவி வெளிவந்தது. நூலகத்தில் நின்றபடி அதைப் படித்தேன். என்னுடையதைவிடச் சுத்தமான வேலை. ஒருவாரம் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. பிறகு போனேன். நான் கேட்ட கேள்வி சரியான கேள்விதான் என்று உலகத்தின் இன்னொரு மூலையிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய வருடம் அப்பா ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தார். பட்டணத்துக்கு வருவதற்கென்றே வைத்திருந்த வெள்ளைச் சட்டை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரப்பார்த்தார், வேண்டாம் என்றேன். ஒரு கண்ணாடிக் குழாயில் நீர்கலந்த பாலை எடுத்துக்கொண்டேன். இன்னொரு சின்னக் குழாயில், லூட்டாய்டுகளை உறையவைத்து உருக்கி உடைத்தெடுத்த சாறு. "பாருங்கப்பா" என்று சொல்லி ஒரு சொட்டு விட்டேன். வெள்ளையாக இருந்த பால் அவர் கண்முன்னே திரிந்து துகள் துகளாகப் பிரிந்தது. குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் கண்ணாடியைத் தடவினார்.

"இந்தச் சாறு மரத்துக்குள்ளயே இருக்கா?"

"உள்ளயேதாம்பா. பைக்குள்ள."

மரம் வறள்வதைப் பற்றியும் அன்றுதான் சொன்னேன். அந்தக் காலத்தில் பூசிய மருந்து எத்திபான். பட்டைக்குள் போனதும் உடைந்து எத்திலீன் என்ற வாயுவாகிறது, வாழைக்காயைப் பழுக்கவைக்கிற அதே வாயு. அது அடைப்பைத் தள்ளிப்போடுகிறது, அதனால் பால் நெடுநேரம் ஓடுகிறது. அளவோடு பூசி இடைவெளிவிட்டு வெட்டினால் மரம் தாங்கும். தினமும் வெட்டி மருந்தையும் மிஞ்சிப் பூசினால் மரம் இழந்ததைத் திரும்பச் செய்ய நேரமில்லாமல் தவிக்கிறது. கடைசியில் அந்தப் பைகள் குழாய்க்குள்ளேயே, வெட்டுமுன்பே உடைய ஆரம்பிக்கின்றன. பால் உள்ளேயே உறைகிறது. பட்டை பழுப்பேறுகிறது.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "அப்ப, என் வெட்டு ஆழமில்லதானே?"

"இல்லப்பா."

"நா அப்பவே சொன்னேன்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. 17 வருடம் அந்தச் சொல்லைச் சுமந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பட்டங்களில் எதுவும் அந்த ஒரு பதிலைச் சொல்ல முடிந்ததற்கு ஈடில்லை. இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

பிறகான வருடங்கள் கையுறையோடு போயின. எய்ட்ஸ் பயத்தால் 1980-களின் பிற்பகுதியில் உலகமெங்கும் மருத்துவமனைகளில் ரப்பர் கையுறை தேவை ஏறியது, மலேசியாவில் தொழிற்சாலைகள் பெருகின. கூடவே ரப்பர் ஒவ்வாமையும் வந்தது. தாதியர்களுக்குக் கை அரிப்பு, மூச்சுத்திணறல். எந்தப் புரதத்தால் என்று தேடிப்போனால் முன்வரிசையில் நின்றது ஹெவின். மரத்தின் காயத்தை மூடுகிற அதே புரதம். கையுறையை நன்றாக அலசிப் புரதத்தை நீக்கினால் பெரும்பகுதி தீரும் என்பதால், எவ்வளவு அலசினால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளப்பதே எங்கள் வேலையாகிவிட்டது. அலுப்பான வேலை. ஆனால் ஒரு தாதியின் மூச்சு அதில் இருந்தது, அதனால் அலுக்கவில்லை.

நடுவில் ஒரு தீபாவளி விடுமுறையில் ஆழ்உறை பெட்டி பழுதாகி, மூன்று வருடம் சேர்த்த மாதிரிகள் உருகிப் போயின. அபாய மணி அடித்திருக்கிறது, கேட்க ஆளில்லை. பெட்டியைத் திறந்தபோது வந்த வாடை ஸ்டோரின் பின்பக்கச் சாக்கடை வாடை. மறுபடி சுங்கை பூலோவுக்குப் போய் முதலிலிருந்து பிடித்தேன். அந்தச் சோதனைத் தோட்டமும் இப்போது இல்லை. அந்த நிலத்தில் குவாசா டமான்சாரா என்ற புதுநகரம் எழுந்திருக்கிறது. 2016 டிசம்பரில் திறந்த எம்ஆர்டி நிலையத்துக்கும் அதே பெயர். அந்த ரயிலில் ஒருதரம் போனேன். எந்த மரம் எங்கே நின்றிருக்கும் என்று ஜன்னலில் தேடிக்கொண்டே போனேன்.

எங்கள் தோட்டமும் முழுக்கச் செம்பனையாகிவிட்டது. லயங்களை இடித்துவிட்டார்கள். ஊர்ப்பிள்ளைகளுக்கு ரப்பர் மரம் காட்டவேண்டுமானால் கோலக்கங்சாருக்கு அழைத்துப் போகிறேன். 1877-ல் மலாயாவுக்கு வந்த முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது, வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அடிமரம் எங்கள் நால்வர் கைகோத்தாலும் எட்டாததுபோல் தெரிந்தது. ஒரு பெண்பிள்ளை, "டீச்சர், இதுல இப்ப வெட்டுனா பால் வருமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன், கேள்விகளை எழுதிவைக்க.

மாமாவிடம் திரும்பி வருகிறேன். அப்பா பேச்சை அவரே எடுத்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 1976-ஐச் சொன்னேன். மருந்தைச் சொன்னேன், பைகளைச் சொன்னேன். "அப்பா ஆழமா வெட்டல மாமா" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மாமா கோப்பியைக் கீழே வைத்தார்.

"ஏழாம் காட்டுல உங்கப்பா நிரை மட்டுமா வறண்டுச்சு? அந்தக் காடே வறண்டுச்சு பாப்பா. மாசத்துக்கு ரெண்டு தடவ பூசச் சொன்னாங்க, நின்னு பூசவச்சது நான். ஆழமா வெட்டிட்டாங்கன்னு எழுதச் சொன்னது ஆபீஸ்ல. எழுதுனது எங்கைதான். எனக்கு அப்பவே தெரியும்."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. கோயில் திருவிழால ஒருக்கா பக்கத்துல நின்னாரு. பால் ஏன் நிக்குதுன்னு நீ படிக்கிறத அப்பதான் சொன்னாரு. எனக்கு வாய் வரல."

அப்பா 2009-ல் போய்விட்டார். எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்தக் கோபம் இதை எழுதும்போதும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. எழுந்துபோய் அடுப்படியில் கொஞ்சநேரம் நின்றேன். திரும்பி வந்தபோது மாமா அந்த மாத்திரைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எப்ப போடுறீங்க?" என்று கேட்டேன்.

"காலையில, பசியாறிட்டு."

கிளினிக் சீட்டை வாங்கிப் பார்த்தேன். ராத்திரி ஒன்று என்றுதான் போட்டிருந்தது. கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகம் செய்வது இரவில்தான், அதனால் சிம்வாஸ்டாட்டினை இரவில் போடச் சொல்வார்கள். பேனாவை எடுத்து, பட்டையின் பின்பக்கம் அவர் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக 'ராத்திரி' என்று எழுதிக்கொடுத்தேன். அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசலில் மகன் ஹாரன் அடித்தான்.